ரெட் ட்வார்ஃப்: ஓட்டைகளுக்கு முட்டுக் கொடுப்பவர்கள்

ரெட் ட்வார்ஃப் என்ற டிவி தொடரில் வரும் அதே பெயர்கொண்ட விண்கப்பலில் மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள்? தொடரின் ஆரம்பத்தைக் கேட்டால் 169 என்கிறது. கொஞ்சம் தள்ளிப் போய்க் கேட்டால் 1,169. தொடரை உருவாக்கிய ராப் கிராண்ட், டக் நெய்லர் இருவரும் சேர்ந்து 1989இல் எழுதிய நாவலைத் திறந்தால் 11,169. பின்னால் நிற்கும் 169 அசையவே இல்லை, முன்னால் மட்டும் ஒவ்வொரு ஒன்றாக வந்து ஒட்டிக்கொள்கிறது. மறதியால் வரும் பிழை இவ்வளவு ஒழுங்காக வராது. "இன்னொரு ஒன்று போட்டால் என்ன கெட்டுவிடும்" என்று சாவகாசமாகக் கேட்டுச் செய்த வேலை மாதிரித்தான் எனக்குத் தெரிகிறது.

இதற்கும் முட்டுக் கொடுக்கலாம். 169 என்பது ஒரு ஷிப்டில் இருந்தவர்கள் மட்டும் என்று சொல்லலாம், அல்லது அதிகாரிகளைச் சேர்க்காத கணக்கு என்று சொல்லலாம். யாருக்கும் நஷ்டமில்லை, யாருக்கும் லாபமும் இல்லை. எனக்குச் சுவையாக இருப்பது வேறொரு எண். 1991இல் வந்த நான்காவது சீசனில் 'ஜஸ்டிஸ்' என்று ஒரு எபிசோட். அதில் ஒரு நீதிக் கணினி, கப்பலில் நடந்த விபத்தில் செத்துப்போனவர்களுக்காக, அதில் தானும் செத்த ரிம்மர் என்ற ஊழியன் மீது குற்றம் சுமத்துகிறது. சாவு எத்தனை? 1,167. அதாவது 1,169இலிருந்து, சாகாமல் தப்பிய ஒரே ஆளான லிஸ்டரையும், தன் சாவுக்குத் தானே குற்றவாளி ஆக முடியாத ரிம்மரையும் கழித்திருக்கிறார்கள். ஆயிரம் பேரை எங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டும்போது கவலைப்படாத எழுத்தாளர்கள் இருவர், இரண்டு பேரைக் கழிக்கும்போது மட்டும் கணக்கில் கறாராக இருந்திருக்கிறார்கள். ஏனென்றால் அந்த இரண்டு கதாபாத்திரத்தைச் சேர்ந்தது, ஆயிரம் வெறும் எண்ணிக்கை. இந்தத் தொடரின் ஓட்டைகளைப் பற்றி யார் என்ன விளக்கம் சொன்னாலும் இந்த இரண்டையும் ஆயிரத்தையும் வைத்துத்தான் நான் எடை போடுவேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1988 பிப்ரவரி 15 அன்று பிபிசி 2இல் தொடங்கிய பிரிட்டிஷ் அறிவியல் புனைவு நகைச்சுவைத் தொடர் இது. சுரங்கக் கம்பெனி ஒன்றின் பிரம்மாண்டமான விண்கப்பலில் டேவ் லிஸ்டர் கடைநிலைத் தொழிலாளி. விதியை மீறிப் பூனை வளர்த்ததற்குத் தண்டனையாக, காலமே நகராத ஸ்டேசிஸ் அறையில் அவனைப் போட்டு அடைக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துக் கதிர்வீச்சு கசிந்து மற்ற எல்லாரும் சாகிறார்கள். கதிர்வீச்சு அடங்கும்வரை காத்திருந்து கப்பலின் கணினியான ஹோலி அவனை எழுப்பும்போது 30 லட்சம் ஆண்டுகள் ஓடிவிட்டன. துணைக்கு இருப்பவர்களில் ஒருவன் அர்னால்ட் ரிம்மர். லிஸ்டரின் அறையிலேயே தங்கியிருந்து அவன் உயிரை வாங்கிய மேலாள், இப்போது செத்து ஹோலோகிராமாக வந்திருக்கிறான். இன்னொருவன் கேட், அந்தப் பூனையின் வம்சத்தில் பரிணாமம் அடைந்து இரண்டு காலில் நடக்கும், கண்ணாடியை விட்டு நகராத மைனர். பின்னால் கிரைட்டன் என்ற பணிவிடை ரோபோவும் வந்து சேர்கிறது.

இந்தக் கதை 1999 வரை எட்டு சீசன் ஓடியது. அப்புறம் பத்து வருடம் ஒன்றுமில்லை. 2009இல் டேவ் என்ற சேனலில் மூன்று பகுதியாக ஒரு சிறப்புக் கதை. பிறகு 2012, 2016, 2017இல் ஒவ்வொரு சீசன், 2020இல் ஒரு நெடுங்கதை. 2012இல் வந்த சீசனுக்குப் பத்து என்று பெயர் வைத்தார்கள். எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் ஒன்பது எங்கே என்றால், 2009 சிறப்புக் கதையையே ஒன்பதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆயிற்று. இத்தனைக்கும் நடுவே ஆறாவது சீசனோடு ராப் கிராண்ட் விலகினார். ஹோலியாக நடித்தவர் மாறினார், கிரைட்டனாக நடித்தவர் மாறினார், லிஸ்டர் உருகி உருகிக் காதலிக்கும் கோச்சன்ஸ்கியாக நடித்தவரும் மாறினார். இப்படியொரு பிழைப்பில் ஓட்டை விழாமல் இருந்தால்தான் அதிசயம்.

அந்த ஓட்டைகளைத் தொடர் எப்படிக் கையாண்டது என்பதற்கு மூன்றாவது சீசனின் தொடக்கம்தான் சரியான சாட்சி. இரண்டாவது சீசன் முடியும்போது லிஸ்டர் கர்ப்பமாக இருக்கிறான். (பெண்கள் ஆண்களாகவும் ஆண்கள் பெண்களாகவும் இருக்கும் இணைப் பிரபஞ்சத்துக்குப் போய்த் தன் பெண் வடிவத்தோடு படுத்ததன் விளைவு. அங்கே பிள்ளை பெறுவது ஆண்களின் வேலை.) அந்தப் பிரசவத்தை வைத்து ஒரு எபிசோட் எழுதத் தொடங்கிக் கைவிட்டுவிட்டார்கள். 1989இல் மூன்றாவது சீசன் வந்தபோது திரையில் கீழிருந்து மேலாக எழுத்துகள் ஓடின: லிஸ்டருக்கு இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன, வேறு பிரபஞ்சத்தின் பிள்ளைகள் என்பதால் மூன்றே நாளில் 18 வயதாகிவிட்டது, அவர்கள் பிரபஞ்சத்துக்கே கொண்டுபோய் விட்டாயிற்று. இரண்டாவது சீசனில் ஒரே ஒரு எபிசோடில் வந்து பைக்கில் ஏறிப் போன கிரைட்டன் ஒரு விண்கல்லில் மோதினான், லிஸ்டர் ஒட்டுப்போட்டு எடுத்தான், ஆனால் பழைய குணத்தைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. ஹோலி தன் இணைப் பிரபஞ்சத்துப் பெண் வடிவத்தின் மேல் ஆசைப்பட்டு அதே முகத்தை மாட்டிக்கொண்டது. இவ்வளவும் யாராலும் படிக்க முடியாத வேகத்தில் ஓடியது. ஒளிபரப்பின்போது பார்த்தவர்களுக்கு அது ஒரு மங்கல். வீடியோவில் பதிவு செய்து நிறுத்தி நிறுத்திப் படித்தவர்களுக்குத்தான் விஷயம் தெரிந்தது.

எனக்கு இது தொடரின் மிகச் சிறந்த நகைச்சுவைகளில் ஒன்று. "விளக்கம் கேட்டீர்களே, இந்தாருங்கள்" என்று முகத்தில் விசிறி அடிப்பது. ஆனால் அதைவிட முக்கியமாக, விளக்கம் இருக்கிறது. சும்மா விட்டிருக்கலாம், யாரும் வழக்குப் போட்டிருக்க மாட்டார்கள். எழுதிவைத்துவிட்டுத்தான் மறைத்திருக்கிறார்கள். வீடியோவை நிறுத்தி நிறுத்தி அதைப் படித்த கூட்டம்தான் பின்னால் ஓட்டைகளுக்கு விளக்கம் கட்டித் தியரி எழுதும் கூட்டமாக மாறியிருக்க வேண்டும் என்பது என் சந்தேகம்.

தியரிகளில் தாதா என்று ஒன்று உண்டு. எந்த ஓட்டையைக் காட்டினாலும் "டைம்லைன் மாறிவிட்டது" என்று சொல்லிவிடுவது. இதற்குத் தொடரிலேயே ஆதாரம் குவிந்து கிடக்கிறது. 'டைம்ஸ்லைட்ஸ்' எபிசோடில் புகைப்படத்துக்குள் நுழைந்து பழைய காலத்தை மாற்றுகிறார்கள். 'ஒயிட் ஹோல்' முடியும்போது நடந்ததெல்லாம் நடக்காததாகிவிடுகிறது. 1992இல் வந்த 'தி இன்க்விசிட்டர்' இன்னும் பெரிய ஆயுதம். காலத்தின் கடைசிவரை வாழ்ந்துவிட்டு, கடவுள் என்று யாரும் இல்லை என்று முடிவுக்கு வந்த ஒரு இயந்திரன், வாழ்க்கையை வீணடித்தவர்களை வரலாற்றிலிருந்தே அழித்துக்கொண்டு போகிறான். முடிவில் அவனே அழிகிறான், அவன் செய்த அழிப்புகள் எல்லாம் ரத்தாகின்றன. அவன் யார் யாரை அழித்திருந்தான், யாரெல்லாம் திரும்பி வந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே அந்த எபிசோடுக்கு முன்னும் பின்னும் எது முரண்பட்டாலும் கேள்வி கேட்கக் கூடாது.

உதாரணத்துக்கு லிஸ்டரின் குடல்வால். 'தேங்க்ஸ் ஃபார் த மெமரி'யின்படி அது ஏற்கெனவே அறுத்து எடுக்கப்பட்டுவிட்டது. 1993இல் 'லீஜியன்' எபிசோடில் அதே லிஸ்டருக்குக் குடல்வால் வீங்கி இன்னொரு முறை அறுக்கிறார்கள். டைம்லைன் கட்சிக்காரர்களுக்கு இது அல்வா. நடுவில் இன்க்விசிட்டர் வந்து போனான், வரலாறு கொஞ்சம் நகர்ந்தது, குடல்வால் திரும்பி வந்தது, கதை முடிந்தது.

என் நண்பர் ஒருவர் இந்தக் கட்சியின் தீவிர உறுப்பினர். தர்க்கப்படி அவரை மடக்க முடியாது, அதுதான் எனக்கு எரிச்சல். எந்தக் கேள்விக்கும் ஒரே பதில் இருந்தால் அந்தப் பதிலுக்குக் கேள்வியோடு சம்பந்தமே இல்லை என்றுதானே அர்த்தம்? சர்வரோக நிவாரணி விற்பவரிடம் போய் எனக்கு என்ன வியாதி என்று கேட்பது போலத்தான். லிஸ்டருக்குப் பிறவியிலேயே இரண்டு குடல்வால் இருந்தது என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது மட்டமான விளக்கம்தான், ஆனால் லிஸ்டரின் உடம்பைப் பற்றியாவது இருக்கிறது. அந்த உடம்பைப் பார்த்தவர்கள் நம்பவும் செய்வார்கள்.

டைம்லைன் தியரி சப்பை என்பதோடு நிற்காமல் கதையையே கெடுத்துவிடும் இடமும் உண்டு. முதல் சீசனின் இரண்டாவது எபிசோட் 'ஃபியூச்சர் எக்கோஸ்'. கப்பல் ஒளியின் வேகத்தைத் தாண்டும்போது எதிர்காலத்தில் நடக்கப்போவது எதிரொலி மாதிரி முன்கூட்டியே தெரிகிறது. லிஸ்டர் கட்டுப்பாட்டு அறையில் செத்துப்போகும் காட்சியை ரிம்மர் பார்த்துவிட்டு வந்து உள்ளூர மகிழ்ச்சியோடு சொல்கிறான். எதிர்காலத்தை மாற்றிக் காட்டுகிறேன் என்று லிஸ்டர் கிளம்புகிறான். கேட் ரோபோ மீனைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளப்போவது தெரிந்து, அதைத் தடுக்கப் பாய்கிறான். அவன் பாய்ந்ததால்தான் பல் உடைகிறது. பிறகு கிழவனான லிஸ்டரே தோன்றி, செத்தது நீ இல்லை, உன் மகன் பெக்ஸ்லி என்கிறான். கடைசியில் கையில் இரண்டு குழந்தைகளோடு சிரிக்கும் எதிர்கால லிஸ்டர்.

குழந்தைகள் வரைக்கும் சரி, இரண்டாவது சீசனின் கர்ப்பம் அதைக் கச்சிதமாக நிறைவேற்றிவிட்டது. ஆனால் பிள்ளைகளை வேறு பிரபஞ்சத்தில் விட்டுவிட்டு வந்தாயிற்றே, பெக்ஸ்லி ரெட் ட்வார்ஃபில் சாவது எப்படி? இன்றுவரை அது நடக்கவில்லை. டைம்லைன் மாறிவிட்டது என்று சொன்னால் ஓட்டை அடைபடும், ஆனால் எதிர்காலம் மாறாது என்பதுதானே அந்த எபிசோடின் முழுச் சரக்கும்? கேட்டின் பல் எதற்காக உடைந்தது? எனக்குப் பிடித்த விளக்கம் ரொம்பச் சாதாரணமானது: பெக்ஸ்லி இன்னும் வரவில்லை. வளர்ந்த பையன், அப்பனைத் தேடி ஒருநாள் வருவான். வந்தால் சாவான் என்பது லிஸ்டருக்குத் தெரியும். அதனால்தான் அவன் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதே இல்லை, போய்ப் பார்க்க ஒரு முயற்சியும் எடுப்பதில்லை. எழுதியவர்கள் இரட்டையரை மறந்துவிட்டார்கள் என்பது நிஜம். ஆனால் லிஸ்டர் மறந்துவிட்டான் என்று நம்புவதைவிட, வாயைத் திறக்காமல் இருக்கிறான் என்று நம்புவது எனக்குச் சுலபமாக இருக்கிறது. பீரும் கறிச்சோறுமாகத் திரியும் அந்த ஆளுக்கு இது ஒரு கனத்தைக் கொடுக்கிறது, எந்த எபிசோடையும் அழிக்கவும் இல்லை.

அடுத்தது ஹோலி தியரி. இதை வைத்து நான் நிறைய விளையாடியிருக்கிறேன். அந்த 30 லட்சம் ஆண்டுகளுக்கு ஒரே சாட்சி ஹோலிதான். லிஸ்டர் ஸ்டேசிஸில், மற்றவர்கள் சாம்பலாக. ஹோலியின் ஐக்யூ 6,000 என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும், அடுத்த மூச்சிலேயே அது 6,000 உடற்பயிற்சி ஆசிரியர்களின் ஐக்யூவுக்குச் சமம் என்று தானே போட்டும் உடைக்கும். தனியாகக் கிடந்து மூளை மழுங்கிப்போன கணினி அது. பொழுது போகாமல் இசையைத் தசம முறைக்கு மாற்றி இரண்டு புதிய சுரங்களைச் சேர்க்கப் பார்த்தது. இந்தச் சாட்சி 30 லட்சம் என்று சொன்னால் நாம் ஏன் நம்ப வேண்டும்?

நம்பாவிட்டால் ஒரு பெரிய ஓட்டை அடைபடுகிறது. கப்பல் சூரியக் குடும்பத்தை விட்டு 30 லட்சம் ஆண்டுகளாக விலகி ஓடிக்கொண்டிருந்தது. ஒளியின் வேகத்தில் பாதியில் போயிருந்தாலும் 15 லட்சம் ஒளியாண்டு தூரம். நம் பால்வீதியின் குறுக்களவே சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டுதான். பக்கத்துப் பெரிய விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமீடா சுமார் 25 லட்சம் ஒளியாண்டில் இருக்கிறது. அப்படியானால் இவர்கள் இரண்டு மண்டலங்களுக்கு நடுவில், ஒன்றுமே இல்லாத இருட்டில் இருக்க வேண்டும். ஆனால் இவர்களுக்கோ தெருமுனைக்கு ஒன்று என்கிற கணக்கில் மனிதர்கள் கட்டிய கப்பல் கிடைக்கிறது. கிரைட்டன் கிடைத்ததே அப்படி ஒரு கப்பலில், எலும்புக்கூடாகிவிட்ட மூன்று பெண்களுக்கு விடாமல் பணிவிடை செய்துகொண்டிருந்த நிலையில். பூமியிலிருந்து கிளம்பிய தபால் பெட்டகம்கூடத் துரத்திவந்து பிடித்துவிடுகிறது, ரிம்மரின் அப்பா இறந்த செய்தியோடு. இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் இவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஹோலி பூஜ்யங்களைத் தப்பாகப் போட்டிருக்கலாம். 3,000 வருடமாக இருக்கலாம். அல்லது எண்ணிக்கை தவறிப்போய், கேட்டால் அசிங்கம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம். க்வீக் என்ற மாற்றுக் கணினியாக வேஷம் போட்டு எல்லாரையும் ஒரு எபிசோட் முழுக்க அலறவிட்டு, கடைசியில் சும்மா தமாஷ் என்று சொன்ன ஆசாமிதானே அது.

அருமையான தியரி. இதைத் தூக்கிப்போட்டு மிதிப்பவன் கேட்.

ஹோலி பொய் சொல்லலாம், கேட் பொய் சொல்ல முடியாது. அவன் நடந்து வருவதே சாட்சியம்தான். சினைப்பூனை ஒன்று கப்பலின் அடித்தளத்தில் குட்டி போட்டு, அந்தக் குட்டிகளின் வம்சம் நிமிர்ந்து நின்று, மதம் கண்டு, மதச்சண்டை போட்டு, கடைசியில் இளஞ்சிவப்பு சூட் தைத்துப் போட்டுக்கொள்வது 3,000 வருடத்தில் ஆகிற காரியமா? எத்தியோப்பியாவில் 1974இல் எலும்புகள் கிடைத்த லூசிக்குச் சுமார் 32 லட்சம் ஆண்டு வயது. அவள் ஏற்கெனவே இரண்டு காலில் நடந்தவள். அவளிடமிருந்து நம்மிடம் வந்து சேரவே அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. நாலு காலில் போகும் வீட்டுப்பூனையிலிருந்து தொடங்கி அதே காலத்துக்குள் கேட் வந்து நிற்பது அசுர வேகம். கேட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டால் ஹோலி சொன்னது குறைவு, கிரைட்டனின் கப்பலைப் பார்த்துக் கணக்குப் போட்டால் ஹோலி சொன்னது ரொம்ப அதிகம். இரண்டையும் சேர்த்து ஒரே முட்டு கொடுக்க முடியவில்லை. இங்கே என் நண்பர் டைம்லைன் என்று வாயெடுப்பார், நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

கோச்சன்ஸ்கி விஷயத்தில் நான் அவ்வளவு சுலபமாகத் தோற்பதில்லை. முதல் சீசனில் லிஸ்டர் அவளோடு பேசியதே விரல் விட்டு எண்ணும் அளவுதான். தூரத்திலிருந்து பார்த்து ஏங்கிய ஒருதலைக் காதல். அதில்தான் அழகு. மொத்த மனித இனமும் செத்துப்போன பிறகு, சொல்லாமல் விட்ட ஒரு காதலை மென்றுகொண்டிருக்கிறான். ஆனால் பிற்பாடு பார்த்தால் இருவரும் கொஞ்ச காலம் சேர்ந்து சுற்றினார்கள், அப்புறம் அவள் இவனைக் கழற்றிவிட்டாள் என்று கதை மாறிவிடுகிறது. அந்த மாற்றம் முதலில் வந்தது 1989 நாவலில், தொலைக்காட்சித் தொடர் பிறகு அதை எடுத்துக்கொண்டது. எழுத்தாளர்கள் பக்கமிருந்து பார்த்தால் அவ்வளவுதான் காரணம்.

கதைக்குள்ளிருந்து பார்த்தால் என் விளக்கம் ஒரே வரி: லிஸ்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கதை கட்டியிருக்கிறான். ரிம்மரைப் போல ஒரு ஆளோடு வருடக்கணக்கில் அடைந்து கிடந்தால், காரிடாரில் ஒரு பெண் சொன்ன 'ஹலோ' மெல்ல வளர்ந்து காபி ஆகும், காபி சினிமா ஆகும், சினிமா காதல் ஆகும், அந்தக் காதல் முறிந்த வலியும் நிஜமாகவே வரும். மறுத்துச் சொல்ல யார் உயிரோடு இருக்கிறார்கள்? ஃப்ளாஷ்பேக் காட்டுகிறார்களே என்பார்கள். யாருடைய மண்டைக்குள் ஓடும் ஃப்ளாஷ்பேக் அது? 1997இல் 'ஓரோபோரஸ்' எபிசோடில் கோச்சன்ஸ்கியே நேரில் வந்து காதலை உறுதி செய்கிறாளே என்றும் கேட்கலாம். வருகிறாள், ஆனால் வேறொரு பிரபஞ்சத்திலிருந்து. அங்கே ஸ்டேசிஸில் போனது அவள், செத்து ஹோலோகிராம் ஆனது லிஸ்டர். அவளுடைய பிரபஞ்சத்தில் காதல் நடந்தது உண்மை. இங்கே நடந்ததற்கு அவள் சாட்சி ஆக மாட்டாள். அவள் வந்து சொன்னதைக் கேட்டு லிஸ்டருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தான் கட்டிய பொய், இன்னொரு பிரபஞ்சத்தில் உண்மை.

சரி, ரசிகர்கள் கிடக்கட்டும். தொடரே தன் ஓட்டைக்கு முட்டுக் கொடுத்த இடங்களில் உச்சம் எது என்று கேட்டால் மறுபடி 'ஜஸ்டிஸ்'க்குத்தான் வருவேன். முதல் எபிசோடிலிருந்தே ஒரு கேள்வி உறுத்திக்கொண்டிருந்தது. விபத்துக்குக் காரணம் ரிம்மர் சரியாகப் பழுதுபார்க்காத ஒரு தகடு. ஆனால் ரிம்மரின் வேலை, லிஸ்டரைக் கூட்டிக்கொண்டு போய் சிக்கன் சூப் மெஷினைச் சரிபார்ப்பது. அப்படிப்பட்டவனை எஞ்சின் பக்கம் யார் விட்டார்கள்? பச்சையான லாஜிக் ஓட்டை. நீதிமன்றத்தில் ரிம்மருக்காக வாதாடும் கிரைட்டன் அதே ஓட்டையைத் தூக்கிக்கொண்டு போய்க் கணினியின் முன் வைக்கிறான். இந்த மடையனிடம், இந்தக் கையாலாகாதவனிடம், ஒரு கப்பலின் உயிரையே ஒப்படைக்கும் பொறுப்பை யாராவது கொடுப்பார்களா? கொடுத்திருக்க முடியாது, ஆகவே இவன் குற்றவாளியாக இருக்க முடியாது. ரிம்மர் நடுநடுவே எழுந்து ஆட்சேபிக்கிறான், தன்னுடைய வக்கீலுக்கு எதிராகவே. ரசிகர் கேட்க வேண்டிய கேள்வியை எதிர்பார்த்து, அதையே வாதமாக்கி, ரிம்மரை விடுதலையும் செய்து, அதே மூச்சில் அவமானப்படுத்தியும் விட்டார்கள். இதற்கு மேல் யார் என்ன தியரி எழுதுவது?

'நானார்க்கி'யும் நல்ல முயற்சி. ஆறாவது சீசன் தொடங்கும்போது ரெட் ட்வார்ஃபே காணாமல் போயிருக்கும். மைல் கணக்கில் நீளமான கப்பலை எங்கே தொலைத்தார்கள் என்ற கேள்விக்கு ஏழாவது சீசனின் கடைசியில் பதில் வருகிறது. கிரைட்டனின் உடம்பைப் பழுதுபார்க்கும் நானோபாட்கள் என்ற நுண்ணிய ரோபோக்கள் கப்பலைப் பிரித்து மேய்ந்து, நுண்ணிய அளவில் மறுபடி கட்டி, அதில் ஏறிச் சுற்றிவிட்டு, கடைசியில் லிஸ்டரின் அழுக்குத் துணிக்கூடைக்குள் இருந்திருக்கின்றன. கப்பலைத் தேடி இரண்டு சீசன் அலைந்தவர்கள் கூடவே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்கள். அறிவியலாக இது சுத்த உளறல். ஆனால் லிஸ்டர் துணி துவைக்க மாட்டான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாதே.

'டிக்கா டு ரைட்' அந்தளவுக்குச் சோபிக்கவில்லை. ஆறாவது சீசன் முடிவில், ஊழலில் ஊறிப்போன தங்கள் எதிர்கால வடிவங்களோடு சண்டை போட்டு எல்லாரும் சாகிறார்கள், ரெட் ட்வார்ஃபைத் தேடி அவர்கள் ஏறிச் சுற்றிய சிறு கப்பலும் வெடிக்கிறது. நாலு வருடம் கழித்து லிஸ்டர் கேமரா முன்னால் உட்கார்ந்து, எதிர்கால நாங்கள் எங்களைக் கொன்றோம், ஆகவே எதிர்கால நாங்கள் இல்லை, ஆகவே எங்களைக் கொல்ல ஆள் இல்லை, ஆகவே உயிரோடு இருக்கிறோம் என்கிறான். கேமரா தாங்காமல் வெடிக்கிறது. கேமரா வெடிப்பது நல்ல ஜோக்தான். ஆனால் சாகத் தயார் என்று அந்தக் கோழைகள் முதன்முறையாகத் துணிந்த கணம், ஒரு கணக்குப் புதிராகச் சுருங்கிவிட்டது. கூட எழுதியவர் விலகிப் போனதன் விலை அது என்பது என் எண்ணம், நிரூபிக்க முடியாது.

எல்லாமே பிரமை என்ற தியரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1992இல் 'பேக் டு ரியாலிட்டி'யில் கணவாய் மீன் ஒன்றின் மை இவர்களை மயக்கி, இத்தனை நாளும் வீடியோ கேம்தான் விளையாடினீர்கள் என்று நம்பவைக்கிறது. 2009 சிறப்புக் கதையில் அதே வகைக் கணவாய், நீங்கள் டிவி கதாபாத்திரங்கள் என்றே நம்பவைக்கிறது. அவர்கள் இன்னும் விழித்துக்கொள்ளவில்லை என்று ஒரு கூட்டம் சாதிக்கிறது. தொடர் இரண்டு முறை தானே செய்து முடித்துவிட்ட காரியத்தை மூன்றாவது முறை செய்வதற்குத் தியரி என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக, இன்றும் சண்டை ஓயாத ஒன்று. இப்போது இருப்பது எந்த ரிம்மர்? ஹோலோகிராம் ரிம்மர் ஏழாவது சீசனில், பிரபஞ்சம் பிரபஞ்சமாகப் போய் வீரசாகசம் செய்யும் ஏஸ் ரிம்மரின் வேஷத்தை ஏற்றுக்கொண்டு கிளம்பிவிட்டான். எட்டாவதில் இருந்தவன் நானோபாட்கள் உயிர்ப்பித்த மனித ரிம்மர், ஹோலோகிராமாக வாழ்ந்த காலம் எதுவும் அவனுக்குத் தெரியாது. அந்த சீசன் முடியும்போது கப்பலை ஒரு நுண்ணுயிர் தின்றுகொண்டிருக்கிறது. அழைத்துப்போக வந்த எமனையே காலிடுக்கில் உதைத்துவிட்டு ஓடுகிறான் ரிம்மர், திரை இருள்கிறது. 2009இல் மறுபடி பார்த்தால் கப்பல் பத்திரமாக இருக்கிறது, ரிம்மர் நெற்றியில் எச் எழுத்தோடு ஹோலோகிராமாக நிற்கிறான். யாரும் ஒரு வார்த்தை விளக்கவில்லை.

பழைய ரிம்மர் திரும்பி வந்துவிட்டான் என்பது என் கட்சி. ஏஸாக இருக்கப் போனவன் எங்கேயோ சொதப்பியிருப்பான், அல்லது பயந்திருப்பான். விக்கைக் கழற்றி வைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பி வந்து, எதுவும் நடக்காதது போலத் தன் படுக்கையில் ஏறிப் படுத்திருப்பான். இதைப் பற்றி யாரும் ஏன் பேசுவதில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. ரிம்மர் பேசவிட மாட்டான். லிஸ்டரும், கேலி செய்ய இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது என்று தெரிந்தும், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவனை விட்டுவைத்திருக்கிறான்.

நண்பர் இங்கே டைம்லைனைத் தொடவில்லை, அதுவே எனக்கு ஆச்சரியம். அவர் கட்சிப்படி இது உயிர்த்தெழுந்த மனித ரிம்மர்தான், மறுபடி செத்து ஹோலோகிராம் ஆனவன். எப்படிச் செத்தான் என்று கேட்டேன். எமனை உதைத்துவிட்டு ஓடினான் இல்லையா, அந்தக் காரிடாரைத் திரும்பும்போது எதையாவது மிதித்து வழுக்கி விழுந்திருப்பான் என்றார். நுண்ணுயிர் தின்ற கப்பல் எப்படிப் பிழைத்தது என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. ஆனால் அந்த வழுக்கல் என் தியரியைவிட நன்றாக இருக்கிறது.